பெட்டிக்கு மூன்று காசு

செவ்வாய் மாலை நான்கு மணிக்கு ஏலம் மூடியது.
ஐந்து பேர் விலை சொல்லியிருந்தார்கள்.
நோயாளியைத் தொடும் கையுறை,
பெட்டிக்கு நூறு, ஆண்டுக்கு ஆறு லட்சம் பெட்டி.
ஆகக் குறைந்த விலைக்கும் அடுத்ததற்கும்
இடையே மூன்று காசு.
குறைத்தவர் இப்போதும் நமக்குத் தருபவர்தான்.

மூன்று காசுக்கு இந்த ஊரில் எதுவும் வராது.
கோப்பிக் கடையில் கை துடைக்கும் தாள்கூட.
ஆறு லட்சத்தால் பெருக்கினால்
பதினெட்டாயிரம் வெள்ளி.
தணிக்கையாளருக்கு அது மிச்சம்.
எனக்கு உறுத்தல்.
ரப்பர் பாலும் அச்சும் அட்டையும்
ஐந்து பேருக்கும் ஏறக்குறைய ஒரே விலை.
பிறகு எதிலிருந்து கிள்ளினார்கள்?

மாதிரிப் பெட்டியைத் திறந்தேன்.
மேலாக ஒரு துண்டுச் சீட்டு:
சோதித்தவர் 27.

மதிப்பீட்டுப் படிவத்தில்
விலைக்கு ஒரு கட்டம், காலத்துக்கு ஒன்று,
கிழியாமைக்கு மட்டும் நான்கு.
உறை கிழியாதிருப்பதில்
நமக்கு எவ்வளவு அக்கறை!

விளக்கம் கேட்கும் கடிதத்தில்
பதினோராவது கேள்வியைச் சேர்த்தேன்:
தொழிலாளர்களின் கடப்பிதழ்கள் யாரிடம் உள்ளன?
பன்னிரண்டாவது:
இந்த வேலைக்கு வர அவர்கள் கட்டியது எவ்வளவு, யாருக்கு?
ஹுவீ ஷின் என் திரையை எட்டிப் பார்த்தாள்.
"இது நம் வேலையா, பூங்கோதை?"
கிண்டல் இல்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்டாள்.
எனக்கும் தெரியவில்லை.
அனுப்பிவிட்டேன்.

மறுநாளே பதில் வந்தது,
மறைக்க ஒன்றுமில்லாதவர்களின் வேகத்தில்:
"அனைத்துக் கடப்பிதழ்களும்
நிறுவனத்தின் இரும்புப் பெட்டகத்தில்
பாதுகாப்பாக உள்ளன."

பாதுகாப்பாக.
மதியச் சோறு ஆறும்வரை
அந்தச் சொல்லோடு உட்கார்ந்திருந்தேன்.
எதனிடமிருந்து?
நெருப்பா, திருடனா,
அதில் ஒட்டிய படத்துக்குச் சொந்தக்காரனா?
பன்னிரண்டுக்கு ஒரே வரி:
அது முகவர்களைப் பொறுத்தது.

உட்லண்ட்ஸில் என் பதினோராம் மாடிச் சன்னலுக்கு
நீரிணையின் அக்கரை விளக்குகள் தெரியும்.
அன்றிரவு எண்ணத் தொடங்கி
இருபத்தேழில் நிறுத்தினேன்.

குழுக் கூட்டத்தில் ரஸாலி சொன்னார்:
"குறைந்ததை ஏன் விட்டீர்கள் என்று மேலே கேட்பார்கள்."
கேட்கட்டும், எழுதித் தருகிறேன் என்றேன்.
முதலில் மனிதாபிமானம் என்று எழுதி, அடித்தேன்.
அந்தச் சொல்லை யாரும் கூட்டிக் கழிக்க முடியாது.
பிறகு எழுதினேன்:
காரணம் காட்டப்படாத மூன்று காசு.
அவர் இரண்டு முறை படித்தார்.
பேனாவைத் தேடினார்.

ஒப்பந்தம் அடுத்தவருக்குப் போனது.
அவருக்கும் அதே கேள்விகள்தான்.
பதில்கள் நீளமானவை, அழகாக அச்சிட்டவை.
நேரில் போய்ப் பார்க்க ஒரு நாள் குறித்திருக்கிறோம்.
எந்த நாள் என்று அவருக்குச் சொல்லவில்லை.

இருபத்தேழுக்கு என்ன ஆனது?
பெட்டகம் திறந்ததா,
ஆர்டர் போய்விட்டது என்று
அவன் ஓவர்டைமைத்தான் வெட்டினார்களா?
அவனா அவளா என்பதே எனக்குத் தெரியாது.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
கோடு போட்டு ஒன்று சேர்த்திருக்கிறேன், பென்சிலில்.

நேற்று பலதுறை மருந்தகத்தில் இரத்தப் பரிசோதனை.
தாதி ஒரு ஜோடியை உருவினாள்.
பழைய ஒப்பந்தச் சரக்கு, மார்ச் வரை வரும்.
அந்தக் கணக்கை எழுதியது நான்தான்.
"விரலை மடக்கிப் பிடிங்க."
நீல உறைக்குள்ளிருந்து ஒரு விரல்
என் நரம்பைத் தேடியது.
பெட்டி வாயில் சீட்டு ஒன்று பாதி கிழிந்து தொங்கியது.
சோதித்தவர் என்பது வரை படிக்க முடிந்தது.